புறக்கோட்டையா, வெள்ளவத்தையா? கொழும்பு உறவுகளிடம் வருபவர்கள் கடைக்குப் போகும் முன்

வெளிநாட்டில் இருந்து கொழும்புக்கு உறவுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம்தான் எப்போதும் குறை. வந்திருப்பது இரண்டு மூன்று கிழமைக்கு. அதில் கோயில், கலியாணம், யாழ்ப்பாணப் பயணம், போகாவிட்டால் மனம் நோகும் பெரியம்மா வீடு என்று நாள்கள் எல்லாம் முன்கூட்டியே பங்கு பிரிந்துவிடும். மிஞ்சுகிற ஒன்றிரண்டு காலைப்பொழுதில்தான் கடைக்குப் போகவேண்டும். நகரின் பெரிய வியாபாரப் பகுதியான புறக்கோட்டையை ஒருமுறை சுற்றிப் பார்க்க ஆசை இருக்கும், ஆனால் வெயிலும் நெரிசலும் பயம். தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தை பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அங்கே எல்லாம் விலை என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். கூட வந்த பிள்ளைகளுக்கோ குளிரூட்டிய மால்தான் வேண்டும்.

நான் கொழும்பிலேயே வாழ்கிறவள். ரொறன்ரோவில் இருந்து வரும் சித்தி, லண்டன் மச்சாள், திருச்சியில் இருந்து வரும் கணவர் வழிச் சொந்தம் என்று பலரையும் இந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே மலிவு என்ற கேள்வியை வைத்து இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். யாரோடு போகிறீர்கள், என்ன வாங்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் வைத்துத் தெரிவு செய்யுங்கள். புறக்கோட்டையை அறிந்த ஒருவர் கூட வருகிறார் என்றால் அதற்கு ஈடான இடம் கொழும்பில் இல்லை. அப்படி ஒருவர் இல்லை என்றால் வெள்ளவத்தையில் நிதானமாக நடந்து வாங்குவது எவ்வளவோ மேல்.

புறக்கோட்டையை வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குழப்பமாகத் தெரியும். உள்ளே போனால்தான் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் இருப்பது புரியும். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்களும் போன் சாமான்களும். இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களில் துணியும் உடுப்பும். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் என்று மூட்டை மூட்டையாக மொத்த வியாபாரம். கெய்சர் வீதியில் துணியும் வீட்டுச் சாமானும். மல்வத்தை வீதியில் செருப்பும் தோல் பையும். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு. செட்டியார் தெருவில் நகை. இந்தப் படம் மனதில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். தொழில் ஒரே தெருவில் குவிந்திருப்பதால் நாலு கடை ஏறி இறங்கி விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வசதி வேறெங்கும் கிடையாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே பல கடைகள் மொத்த வியாபாரக் கடைகள். ஒரே ஒரு சட்டை, ஒரே ஒரு கைப்பை என்று கேட்டால் சில கடைகளில் தர மாட்டார்கள், தந்தாலும் விலை வேறாக இருக்கும். அலுவலகத்தில் இருபது பேருக்கு ஏதாவது சின்னப் பரிசு கொண்டுபோக வேண்டும், கலியாண வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் குங்குமச் சிமிழ் வேண்டும், பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தட்டங்கள் வேண்டும் என்றால் புறக்கோட்டைதான் சரி. தனக்கு ஒரு நல்ல சேலை மட்டும் வேண்டும் என்கிறவர் அங்கே போய் வதைபடத் தேவையில்லை.

நாளும் நேரமும் அங்கே முக்கியம். கிழமை நாளில் காலை ஒன்பதரைக்குப் போய் மத்தியானத்துக்கு முன் திரும்புவது நல்லது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் பெரும்பாலான பெரிய கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறு நடைபாதை வியாபாரம் மட்டும் கலகலவென்று இருக்கும். பிள்ளைகளுக்கு மலிவான வீட்டு உடுப்பு வாங்க அது போதும், தேர்ந்து வாங்கக் காணாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் சிறிது நேரம் மூடியிருக்கும். அதைத் தெரியாமல் பன்னிரண்டரைக்குப் போய் இறங்குகிறவர்கள் வெயிலில் நின்று களைத்துப்போவார்கள்.

அந்த நெரிசலை உண்மையில் ஆள்கிறவர்கள் நாட்டாமைகள் எனப்படும் சுமைதூக்குகிறவர்கள். தோளில் மூட்டையோடும் கைவண்டிலோடும் வரும் அவர்களுக்கு வழி விடுவதுதான் அங்கே முதல் மரியாதை. பாரம் சுமந்துகொண்டு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது. போன் கமராவைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் நிற்கும் விருந்தாளிகளைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கும். படம் எடுக்க ஆசையானால் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலுக்கு எதிரே, கடையோரமாக ஒதுங்கி நின்று எடுங்கள். 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்த கட்டடம் அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

பல வருடங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் புறக்கோட்டை சில இடங்களில் இப்போது இல்லை. மரக்கறிக்குப் பேர்போன மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. அதற்கு முன்னரே, 2011இல், சென் ஜோன்ஸ் மீன் சந்தையும் அங்கே மாறிவிட்டது. "மெனிங் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல முருங்கைக்காய் வாங்குவோம்" என்று ஓட்டோ பிடிக்க வேண்டாம்.

1983 ஜூலைக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களோடு போகும்போது நான் கடைப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவேன். அந்த நாள்களில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அங்கே கடை வைத்திருந்தவர்களும் வேலை செய்தவர்களும் இன்றைக்கும் ஒரு பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு நடப்பார்கள். பெரியப்பா ஒருவர் பிரதான வீதியில் ஒரு வாசலின் முன் நின்று, இதுதானா அடுத்ததா என்று வெகுநேரம் யோசித்தார். அப்படிப்பட்டவர்களை, நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அன்றைக்கு ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

புறக்கோட்டையில் ஒரு தெருவுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் செட்டியார் தெருவைத்தான் சொல்வேன். நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன. ஆடிவேல் திருவிழா ரதம் புறப்படும் தெரு இது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் இதே தெருவில்தான். ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களைத் தேடுகிறவர்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள், அங்கே ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சென்னையில் கிடைக்காத பதிப்புகள் அங்கே இருக்கும். வெள்ளவத்தையிலும் அவர்களுக்குக் கிளை உண்டு, ஆகவே செட்டியார் தெருவுக்குப் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம்.

நகை விஷயத்தில் செட்டியார் தெருவுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தங்கத்தின் அன்றாட விலை இரண்டு இடத்திலும் அனேகமாக ஒன்றுதான், வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும். இங்கே பவுணில் கணக்கு, ஒரு பவுண் 8 கிராம். கடைக்காரரிடம் பவுண் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் நிறையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போடுகிறார்களா என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி, பதக்கம் சங்கிலி மாதிரி வேலைக்கு இங்குள்ள பத்தர்மாருக்குக் கைப்பழக்கம் உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ அறுந்த கொடியைத் திருத்தக் கொடுக்கப் பயப்படும் சித்திமார் இங்கே கொண்டுவருவது அதனால்தான். திருத்த வேலைக்கு எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள். உங்கள் வீட்டார் காலங்காலமாகப் போகும் கடை எதுவோ அங்கேயே போங்கள். புதுக் கடையில் அன்பான வரவேற்பும் குளிர்பானமும் கிடைக்கும், ஆனால் பழைய கொடியைக் கையில் கொடுத்துவிட்டு வரும்போது தெரிந்த முகம்தான் வேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் நாட்டுச் சுங்க விதிகளை முன்கூட்டியே பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

வாசனைச் சரக்கும் தேயிலையும் எல்லோரும் வாங்குகிறவை. இதில் போட்டி நாலாம் குறுக்குத் தெருவுக்கும் சுப்பர்மார்க்கெட்டுக்கும் இடையில். உங்கள் வீட்டுச் சமையலுக்கு என்றால் நாலாம் குறுக்குத் தெருப் பக்கம்தான் நல்லது. மிளகையும் கராம்பையும் ஏலத்தையும் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து கிலோக்கணக்கில் வாங்கலாம். கறுவாவில் மட்டும் கவனம் வேண்டும். இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடையும், வாசம் இனிமையாக இருக்கும். தடித்த ஒற்றைப் பட்டையாகச் சுருண்டு உடையாமல் இருந்தால் அது காசியா என்ற வேறு இனப் பட்டை. மிக மெல்லிய சுருளை அல்பா என்பார்கள், விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. விலையும் அதற்கேற்ப உயரம். கறிக்குப் போட அல்பா தேவையே இல்லை, அதற்கு அடுத்த தரங்களே தாராளம். 2022இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தீவின் பட்டைக்கு அந்த அங்கீகாரம் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெளிநாட்டுக் கடைகளில் சும்மா "சினமன்" என்று விற்பதில் பெரும்பகுதி காசியாதான் என்பதால், இங்கிருந்து கொண்டுபோகத் தகுந்த முதற்பொருள் இது என்பேன்.

மற்றவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க என்றால் கீல்ஸ், கார்கில்ஸ், ஆர்ப்பிகோ மாதிரி சுப்பர்மார்க்கெட்டில் மூடி முத்திரையிட்ட பைக்கற்றாக வாங்குங்கள். விமான நிலையத்தில் கேள்வி குறைவு, திகதியும் விலையும் அச்சடித்திருக்கும், பேரம் பேசும் வேலை இல்லை. தேயிலையில் கையில் வாளேந்திய சிங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைச் சபையின் அந்த முத்திரை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம். எந்தத் தேயிலை என்பது குடிக்கிறவரைப் பொறுத்தது. நுவரெலியா போல 1200 மீற்றருக்கு மேல் விளைவது வெளிர் நிறம், நல்ல மணம், பால் விடாமல் குடிக்கலாம். 600 மீற்றருக்குக் கீழே தெற்கில் விளைவது கடும் சாயம், பாலுக்கும் சீனிக்கும் ஈடு கொடுக்கும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். விலை உயர்ந்த நுவரெலியாத் தேயிலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சாயமே இல்லை என்று அம்மம்மாவின் முகம் வாடிவிடும்.

சரி, வெள்ளவத்தை. காலி வீதியின் இரண்டு பக்கமும் சேலைக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை என்று நடந்தே முடிக்கக்கூடிய தூரம். கடலோரமாக மரைன் டிரைவ், களைத்தால் அந்தப் பக்கம் இறங்கிக் காற்று வாங்கலாம். கடைக்காரர் தமிழில் கதைப்பார், பிடிக்காததைத் திருப்பிக் கொண்டுபோனால் பெரும்பாலும் மாற்றித் தருவார், ஏனென்றால் உங்கள் அக்காவை அவருக்குத் தெரியும். விலை புறக்கோட்டையை விடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஓட்டோக் காசு, குளிர்பானம், பாதி நாள், கால்வலி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு சேலை வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாக மிஞ்சாது. இருபது சேலை வாங்குகிறவருக்கு மிஞ்சும்.

சேலையில் நான் ஆளுக்கு ஆள் வேறு பதில் சொல்வேன். கனடா, லண்டன், ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறவர்களுக்கு வெள்ளவத்தை மிக நல்லது. தெரிவு நிறைய, விலையும் அங்கே உள்ளதை விட நியாயம், சட்டை தைக்கவும் பக்கத்திலேயே ஆள் உண்டு. ஆனால் தையலுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். வந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் துணியையும் அளவுச் சட்டையையும் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போய்வந்தால், திரும்பும்போது போட்டுப் பார்த்துத் திருத்தவும் நேரம் இருக்கும். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் இங்கே பட்டுச் சேலை வாங்க வேண்டாம். இங்குள்ள பட்டில் பெரும்பகுதி காஞ்சிபுரத்திலும் பெங்களூரிலும் இருந்து வருவது. அதற்குப் பதிலாக மருதமுனைக் கைத்தறிச் சேலையோ ஆண்கள் உடுக்கும் சாரமோ கேட்டு வாங்குங்கள். கிழக்குக் கரையில் கையால் நெய்தது, தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்காது. கடையில் முன்வரிசையில் தொங்காது, கேட்டால்தான் உள்ளே இருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

வெள்ளவத்தையை நான் மனதாரச் சொல்வது சாப்பாட்டுச் சாமானுக்காக. யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு, மோர்மிளகாய், பயத்தம் பணியாரம், எள்ளுருண்டை, வறுத்த சிவப்பரிசி மா எல்லாம் இங்கே ஒரே வீதியில் கிடைக்கும். யாழ்ப்பாணம் போக நேரம் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மிளகாய்த்தூள் வாங்கும்போது பையின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எப்போது இடித்தது என்று கேளுங்கள். ஒடியல் மாவை இரண்டு பையில் கட்டச் சொல்லுங்கள், அதன் வாசம் பெட்டி முழுக்க ஏறும். வைகாசி, ஆனிப் பக்கம் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்திருக்கும். அதைக் கொண்டுபோக நினைக்காமல் இங்கேயே, வீட்டாரோடு உட்கார்ந்து, சாறு முழங்கை வரை வழியச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பச்சைப் பழமும் இலையும் விதையும் பல நாடுகளில் விமான நிலையத்திலேயே பறிபோகும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உணவுப்பொருளைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டப்பணம் கடுமை.

வெள்ளவத்தையில் கடைக்குப் போகாமலே கடை வீட்டுக்கு வருவதும் உண்டு. காலையில் மீன்பெட்டியோடு வருகிறவர், பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் பாண் ஓட்டோ. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் பார்த்த அளவில் இதுதான் மிகப் பிடித்த கடை. அவர்கள் கையில் காசைக் கொடுத்துப் படியிறக்கி விடுங்கள். தமிழோ சிங்களமோ தெரியாத ஒன்பது வயதுப் பையன் மாலுபாண் என்ற மீன் பணிஸைக் காட்டி விரலில் எண்ணிக்கை சொல்லி, மிச்சக் காசோடு ஓடிவரும் சந்தோஷம் மாலில் வராது.

கொட்டாஞ்சேனை பற்றிச் சுருக்கமாக. உறவுகள் அந்தப் பக்கம் இருந்தால் வெள்ளவத்தைக்கு வரத் தேவையில்லை. தமிழ்க் கடைகள், சந்தை, கோயில், தேவாலயம் எல்லாம் அங்கேயே உண்டு, வெள்ளவத்தையை விட விலையும் கொஞ்சம் இறக்கம், செட்டியார் தெருவும் கிட்ட. வெளியில் இருந்து தனியாகப் போய்ப் பார்க்கும் அளவுக்குக் கடைத் தெரிவு கிடையாது.

மால்களைப் பற்றியும் நான் குறைவாகத்தான் சொல்வேன். பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிற்றி பழையது, நெருக்கமானது, பிள்ளைகளுக்கு ரீ சேர்ட் வாங்கலாம். 2019இல் திறந்த வன் கோல்பேஸ் மால் பெரியது, துப்புரவானது, சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், கழிவறை நல்லது. இது சின்ன விஷயம் இல்லை. முழங்கால் வருத்தக்காரரும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்குப் புறக்கோட்டை துன்பம், மால்தான் அவர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கக்கூடிய இடம். வாங்குவதற்கு என்று பார்த்தால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பதில் பாதி அங்கே இருக்கும், அவ்வளவுதான். உள்ளூர்த் துணி வேண்டும் என்றால் ஓடெல், நோ லிமிட் மாதிரிக் கடைகளுக்குப் போங்கள். இங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்குத் தைக்கும் துணிகளில் மிஞ்சியவை நல்ல தரத்தில், நல்ல விலையில் சில சமயம் அகப்படும்.

கைவினைப் பொருளுக்கு இரண்டு தெரிவு. அரசாங்கத்தின் லக்சலவில் முகமூடி, பித்தளை, பிரம்பு, பனையோலை, பத்திக் எல்லாம் நிலையான விலையில் கிடைக்கும், யாரும் ஏமாற்ற மாட்டார்கள். காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் பெயர்ஃபூட், பார்பரா சன்சோனி தொடங்கிய கைத்தறிக் கடை. நிறங்களைப் பார்க்கவே போகலாம், விலை கூட. வெள்ளைக்கார மருமகளுக்குப் பரிசு என்றால் பெயர்ஃபூட், ஊரில் இருந்து ஏதோ ஒன்று எல்லோருக்கும் என்றால் லக்சல. சனிக்கிழமை ரேஸ்கோர்ஸ் பக்கம் கூடும் குட் மார்க்கெட்டும் இளம் ஆள்களுக்குப் பிடிக்கும். தேன், சவர்க்காரம், இயற்கை மரக்கறி, வீட்டில் செய்த அச்சாறு என்று செய்தவரே நின்று விற்பார், கேட்டால் எப்படிச் செய்தது என்று சொல்லவும் செய்வார். ஆனால் அதைச் சந்தை என்று நினைத்துப் போகாதீர்கள், பேரம் இல்லை. உண்மையான சந்தை வேண்டும் என்றால் நுகேகொடைப் பக்கம் டெல்கந்தப் பொல (சந்தை) மாதிரி ஒன்றுக்கு, காலையில், வீட்டுக்கு மரக்கறி வாங்கப் போகிறவரோடு சேர்ந்து போங்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாலே போதும்.

பேரம் பேசுவதில் ஒரு வேண்டுகோள். புறக்கோட்டை நடைபாதையிலும் சின்னக் கடைகளிலும் பேரம் உண்டு, அது முறையும்கூட. பொருளின் பக்கம் ஆசையோடு பார்த்து ஆங்கிலத்தில் தங்களுக்குள் கதைத்தால் விலை ஏறும், ஆகவே வீட்டார் கதைக்கட்டும், விருந்தாளி பின்னால் நிற்கட்டும். ஆனால் நிலத்தில் சாக்கை விரித்து வெற்றிலையும் எலுமிச்சையும் கீரையும் விற்கும் அம்மாவிடம் இருபது ரூபாய்க்கு வாதாடாதீர்கள். 2022இல் இங்கே விலைவாசி ஏறியபோது அவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். டொலரும் பவுண்சும் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் அங்கே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வரலாம்.

வீட்டாரோடு காசு விஷயத்திலும் முன்கூட்டியே கதைத்துவிடுவது நல்லது. கடை வாசலில் நின்று "நான் குடுக்கிறேன், நீ வை" என்று இழுபறிப்படுவது எங்கள் வழக்கம். அண்ணா தம்பிக்குள் அது அன்பு. ஆனால் இங்குள்ள சம்பளத்தில் இரண்டு நாள் விருந்தாளிக்குச் செலவழித்தாலே மாதக் கடைசி இறுகிவிடும் வீடுகள் உண்டு. அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆகவே சாப்பாட்டை அவர்கள் வாங்கித் தரட்டும், அந்த மரியாதையைப் பறிக்காதீர்கள். உங்கள் சாமான்களுக்கு நீங்கள் கொடுங்கள். அப்படியே அவர்கள் வீட்டுக்கு அந்த மாதத்து அரிசி, பருப்பு, பால்மா போன்றவற்றையும் உங்கள் பட்டியலோடு சேர்த்து வாங்கி வண்டியில் ஏற்றிவிடுங்கள். கையில் காசு கொடுத்தால் வாங்காதவர்களும் மூட்டையாக வந்திறங்கும் அரிசியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்குக் காலி வீதியால் 100, 101 பஸ்கள் ஓடுகின்றன. கரையோர ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே கோட்டை நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் தணிந்த பிறகு ஏறுங்கள். திரும்பி வரும்போது பைகளோடு ரயில் சரிவராது, பிக்மீ செயலியில் ஒரு ஓட்டோ கூப்பிடுங்கள். புறக்கோட்டைக்குள் சாரதியை வரச் சொல்லாமல் பிரதான வீதியை விட்டுச் சற்று வெளியே நடந்துவந்து ஏறினால் அரை மணித்தியாலம் மிஞ்சும்.

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது, எதைத் தெரிவு செய்வது என்று கேட்டால், முதலில் வீட்டில் யார் புறக்கோட்டைக்கு அடிக்கடி போகிறவர் என்று விசாரியுங்கள். அனேகமாக ஒரு மாமாவோ, கடை வைத்திருக்கும் மச்சானோ இருப்பார். அவர் கிழமை நாளில் வரச் சம்மதித்தால், நடக்கக்கூடிய இரண்டு மூன்று பேர் மட்டும், பட்டியலில் நாலைந்து சாமானுக்கு மேல் இல்லாமல், அவரோடு போங்கள். செட்டியார் தெருவில் தொடங்கி நாலாம் குறுக்குத் தெருவில் முடித்து, அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவருக்கு வசதிப்படவில்லை என்றால் வேறொருவரை வற்புறுத்தாமல் வெள்ளவத்தையில் அக்காவோடு இறங்குங்கள். நீங்கள் தனியே எழுதிய பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டால், எந்தக் கடையில் எது என்று அவரே சொல்லுவார். மாமாவோடு போவதாக இருந்தாலும் சரி, அக்காவோடு போவதாக இருந்தாலும் சரி, வந்து இறங்கிய அன்றைக்கே கேட்டு நாளைக் குறித்து வையுங்கள். கடைசி இரண்டு நாளும் பெட்டி நிறுப்பதிலேயே போய்விடும்.